ஒன்பது மணி ஓடிபி

முன்கோபக்காரி சரிதாவுக்கு,

உன் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் உனக்காக அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். உங்கள் ஹெட்மாஸ்டர் ரமணய்யா சார்தான் வந்து சொன்னார். மேலே போட்டோ, கீழே நாலு வரி. "மீரே எழுதிக் குடுங்க தாமு காரு. நான் எழுதினா தெலுங்குலதான் வரும்" என்றார். மாதிரிக்கு ஒரு பழைய இதழையும் கையில் கொடுத்தார். அதில் இறந்துபோன வேறொரு டீச்சரைப் பற்றி, பொறுமையின் வடிவம், புன்னகை மாறாத முகம் என்று போட்டிருந்தது.

உன்னைப் பற்றி நான் அப்படி எழுதினால் நீயே எழுந்து வந்து சிவப்பு மையால் சுழித்துவிடுவாய். உனக்கு எங்கே இருந்தது பொறுமை? பஸ் இரண்டு நிமிஷம் லேட்டானால் கண்டக்டரிடம் சண்டை. புத்தகம் லேட்டானால் என்னிடம் சண்டை. நானா அச்சடிக்கிறேன்?

அதனால் நாலு வரி எழுதவில்லை. நேராக உனக்கே எழுதுகிறேன். போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தூரில் அதே வாடகை வீடு. உன் புடவைகளை யாரும் தொடவில்லை. வருகிறவர்கள் எல்லோரும், "சின்ன வயசு, இப்பிடியே இருந்துட முடியுமா?" என்று ஆரம்பிக்கிறார்கள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் கண்டென்சர் போய்விட்டது, மெதுவாகச் சுற்றுகிறது. பத்து நிமிஷ வேலை. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன் வீட்டில் ஃபேன் அப்படிச் சுற்றுகிறது. கை போகவில்லை சரிதா. அழுகையும் வரவில்லை. கரண்ட் இருக்கிறது, எதுவும் ஓடவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

ஆனால் கோபம் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அந்த ஆப்பிலிருந்து.

உனக்கு ஞாபகம் இருக்கும். தினமும் காலையில் உன் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த ஆப் வந்த நாள். உன் போனில் இடம் இல்லை. நூறு போட்டோக்களை அழித்து நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். நம்பர் கேட்டபோது என் நம்பரைப் போட்டேன். கரண்ட் பில், கேஸ் எல்லாம் என் நம்பரில்தானே இருக்கிறது, இதுவும் அதோடு இருக்கட்டும் என்று ஒரு புத்திசாலித்தனம்.

அந்த ஆப் தினமும் ராத்திரி உன்னை வெளியே தள்ளிவிடும். காலையில் மறுபடி உள்ளே போக ஆறு நம்பர் ஓடிபி கேட்கும். அது எனக்கு வரும். நீ பிச்சாட்டூர் தாண்டி அந்த இரண்டு ரூம் பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தடியில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். நான் ரேணிகுண்டா பக்கம் ஃபேக்டரி கேட்டில் நிற்பேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைப்பதற்குமுன் உன் கால் வந்தாக வேண்டும்.

"மாமா, நம்பர் சொல்லு மாமா, சீக்கிரம். ஒம்போது ஆவப்போவுது."

சொல்வேன். நீ ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வாய். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். உள்ளே போனதும், "ஆங், வுட்டுட்டான். துன்னியா?" என்பாய். துன்னேன் என்பேன், பாதி நாள் பொய். போனை வைத்துவிடுவாய்.

மற்றவர்கள் கல்யாண வாழ்க்கையை எதில் அளப்பார்களோ தெரியாது. வேலை நாளில் நமக்குப் பகல் பேச்சு அதுதான். சாயந்திரம் நீ வரும்போது தொண்டை போயிருக்கும், எனக்குக் காது போயிருக்கும்.

சாயந்திரம் வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆரம்பிப்பாய். "இன்னிக்கும் ஆப்புல ஏத்த கக்கூஸ் போட்டோ மாமா. முட்டை போட்டோ. தண்ணித் தொட்டி போட்டோ. நான் இன்னா டீச்சரா, போட்டோ ஸ்டூடியோ வெச்சிக்கினு கீறனா?" உன்னுடையது தமிழ் மீடியம். தமிழ்ப் புத்தகக் கட்டு ஆந்திராவுக்குள் வந்து சேராத நாட்களில் தெலுங்குப் புத்தகத்தைப் பார்த்துப் பாடத்தைப் போர்டில் தமிழில் எழுதிப் போடுவாய். மூன்றாம் வகுப்பு, நான்கு, ஐந்து, எல்லாம் ஒரே ரூம். ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தால் மற்ற இரண்டும் ஒன்றை ஒன்று கடித்துத் தின்றுவிடும் என்பாய். வேலையை விட்டுவிடேன் என்று ஒரு தடவை சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு போடாமல் படுத்துவிட்டாய்.

இன்னொரு நாள் நீ மத்தியானத்தில் கூப்பிட்டாய். ஃபேக்டரி டீ பிரேக். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன். "மாமா, பூஜா படிச்சிட்டா!" என்று கத்தினாய். செல்வி மகள் பூஜா, மூன்றாம் வகுப்பு முழுக்க ஓர் எழுத்தும் கூட்டிப் படிக்காத பிள்ளை. நீ பிள்ளைகளை ரோட்டோரம் அழைத்துப் போய் நிறுத்தி, அந்தாண்டையிலிருந்து வரும் தமிழ்நாட்டு பஸ்களின் போர்டைப் படிக்கச் சொல்வாயே, அங்கே ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து 'ஊத்துக்கோட்டை' என்று முழுசாகப் படித்துவிட்டாளாம்.

"ஒரு பஸ் போர்டுக்கா இவ்ளோ கூச்சல்?" என்றேன்.

"உன் மெஷினு ஓடுனா நீ கூத்தாடறது இல்ல? இது எம் மெஷினு. ஓடிச்சி. வை போனை."

நீதான் வைத்தாய்.

பிறகு விநாயக சவிதிக்கு முன்னால் அந்தக் காய்ச்சல். திருப்பதி ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, "லீவு போட்டியா மாமா? ஆப்சென்ட் விழுந்துறப் போவுது" என்றாய். உன் போனில் லீவு போட்டேன். ஒப்புதல் வந்தது. உனக்குக் காட்டினேன். நீ தலையாட்டினாய். நாம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். லீவு பற்றி!

லீவு தீர்ந்தது. நீ வரவில்லை. அதற்குப் பிறகு என் போனுக்கு வேலை நாள் தவறாமல் ஒரு மெசேஜ். 'நீங்கள் இன்று வருகையைப் பதிவு செய்யவில்லை.' உன் காரியத்தன்றும் வந்தது. வந்தவர்களுக்கு நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன், பாக்கெட்டில் அது டிங் என்றது. காய்ச்சலோடும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனவளை ஆப்சென்ட் என்கிறான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நீ இருந்தால் போட்டிருப்பாய்.

தசரா லீவு முடிந்ததும் ரமணய்யா சார் போன் செய்தார். நல்ல மனுஷன், சுற்றி வளைத்துத்தான் வந்தார். உன் பெயர் ஆப்பில் இருக்கும்வரை அந்த வேலை காலி என்று மேலே தெரியாதாம். காலி என்று தெரியாவிட்டால் வேறு தமிழ் டீச்சர் வரமாட்டாராம். உன் பெயரை மூட வேண்டும். மூடுவதற்கு ஓடிபி வேண்டும். அது உன் பதிவு நம்பருக்கு, அதாவது எனக்கு, வரும்.

"டெத் சர்டிபிகேட் ஏத்திட்டேன் தாமு காரு. அதெல்லாம் சரே. கடைசியில ஓடிபி கேக்குது. செத்தவங்க போனுக்கு ஓடிபி அனுப்புற ஆப் இது, ஏம் செய்யாலி, என்ன பண்றது? வந்துச்சின்னா எனக்கு நம்பர் செப்பண்டி, அவ்ளோதான்."

வந்தது. ஆறு நம்பர். அதற்கு மேலே அதே இடத்திலிருந்து வந்த பழைய ஓடிபிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் நீ வேப்பமரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு காலை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிஷத்தில் காலாவதியானது. சார் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொரு நாள் வந்தது. அதையும் விட்டேன். நெட்வொர்க் இல்லை என்றேன். நெட்வொர்க் பற்றி நான் பொய் சொன்னால் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

அதற்குள் உன் பேப்பர் வேலை பார்க்கிறேன் என்று சித்தூருக்கும் திருப்பதிக்கும் அலைந்தேன். உன் பழைய ரெக்கார்டு சித்தூரில், புதியது திருப்பதியில், ஜில்லாவைப் பிரித்ததில் நீயும் இரண்டாகக் கிடந்தாய். ரயிலில் பாகாலாவில் நின்று டீ குடிக்கும்போதெல்லாம் எனக்கே தெரியும், இந்த அலைச்சல் சும்மா. செய்ய வேண்டியது ஒன்றுதான். அது என் சட்டைப் பாக்கெட்டில் இருக்கிறது.

போன வாரம் என் ஆஃப் நாளில் உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உன் பீரோ சாவி என்னிடமே இருந்துவிட்டது, தமிழ்ப் புத்தகமெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று சார் கேட்டிருந்தார். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத்தான் எண்ணம். சார் இரண்டு ரூமுக்கும் நடுவில் வராந்தாவில் நின்று இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உன் பிள்ளைகள் போர்டில் எப்போதோ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அது உன் கையெழுத்து. யாரும் அழிக்கவில்லை.

"ஒரு கண்ட்ட உக்காந்து பாத்துக்கங்க தாமு காரு, ப்ளீஸ். நான் முட்டை போட்டோ எடுத்துட்டு வந்துர்றேன்."

ஒரு மணிநேரம்! நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன், கணக்கில் புலி, டிப்ளமோ. மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தர முடியாதா? போர்டில் ஓர் ஓரமாக வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டேன். விளக்கினேன். ஐந்தாம் வகுப்பு கொட்டாவி விட்டது. மூன்றாம் வகுப்புக்கு வகுத்தலே வரவில்லை என்று பாதியில்தான் தெரிந்தது. அவர்களைப் பெருக்கல் எழுதச் சொன்னால் நான்காம் வகுப்பில் ரப்பருக்கு அடிதடி. "சார் ஒண்ணுக்கு" என்று ஒருவன் போனால் பின்னால் நாலு பேர். கத்தினேன். தொண்டை கட்டிக்கொண்டது. மணி பார்த்தேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

என் மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று ஸ்கிரீனில் கோட் காட்டும். இதுகள் எதுவும் காட்டுவதில்லை. "புரிஞ்சிச்சா?" என்று கேட்டேன். "புரிஞ்சிச்சி சாஆர்" என்று மொத்த ரூமும் பாடியது. ஒருத்தருக்கும் புரியவில்லை. எல்லா சென்சாரும் சேர்ந்து பொய் சொன்னால் எவன்தான் ரிப்பேர் பார்ப்பான்? இதைத் தினமும் எப்படிச் செய்தாய்? செய்துவிட்டு வந்து எனக்குத் தோசையும் ஊற்றினாயே, எப்படி?

முன் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர் புரிஞ்சிச்சான்னு கேக்க மாட்டாங்க சார்."

பூஜா. இப்போது நான்காம் வகுப்பு.

"பின்ன இன்னா கேப்பாங்க?"

"எனக்கு இன்னிக்கி யாரு சொல்லித் தரப் போறதுன்னு கேப்பாங்க. நாங்க எழுந்து போயி சொல்லித் தருவோம். அவங்க எங்க எடத்துல கீழ உக்காந்துக்குவாங்க."

சரி என்று சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் இடத்தில், தரையில், உட்கார்ந்தேன். பேன்ட் முழுக்கச் சுண்ணாம்பு. அவள் போர்டருகே போய் ஒரு கையை இடுப்பில் வைத்தாள். வகுத்தலை ஆரம்பித்தாள். நடுவில் நான் போர்டைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"இன்னா முழிச்சிக்கினு கீற? போர்டு அங்க கீது. எம் மூஞ்சிலயா எழுதி வெச்சிக்கிது?"

ரூமே சிரித்தது. குரல் உன்னுடையது இல்லை, கோபம் உன்னுடையது. அதே அளவு. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொல்கிறார்களே, இவளிடம் காட்டினால் சிரிப்பாள். அவள் சொல்லச் சொல்ல எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பு விட்ட இடத்தில் ஐந்தாம் வகுப்பு திருத்தியது. எதுவும் ஓடாத எனக்குள் எங்கோ ஓரிடத்தில் வலித்தது. பரவாயில்லை என்று இருந்தது.

மத்தியானம் கிளம்பும்போது கேட்டருகே பூஜாவின் அம்மா செல்வி பிடித்துக்கொண்டாள். கழனி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், முழங்கால் வரை சேறு.

"சார், நீதான் டீச்சர் வூட்டுக்காரரா? ஒரு பேச்சு சொல்லு. வேற டீச்சரு வருவாங்களா, மாட்டாங்களா?"

"தெரியலம்மா."

"யாரக் கேட்டாலும் இதான். பிரைவேட்டு ஸ்கூலு வேன்காரன் தெனம் வந்து நிக்கறான். அங்க தமிழு இல்ல. எங்க சனமெல்லாம் ஊத்துக்கோட்டை அந்தாண்ட. இவள நாளைக்கி அங்க கட்டிக் குடுத்தா ஒரு எழுத்து தெரியாம நிக்கணும், என்ன மாதிரி. அதுக்குன்னு டீச்சரே இல்லாத ஸ்கூல்ல எத்தினி நாளு வெச்சிக்கினு இருக்கறது? எம் பொண்ணு போனா மத்ததும் போவும். அப்பறம் உம் பொண்டாட்டி ரூமைப் பூட்டிட வேண்டிதான்."

வேறு டீச்சர் வராததற்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் நம்பர். என் புத்திசாலித்தனம். நான் உன்னை அந்த ஆப்புக்குள் உயிரோடு வைத்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே வைப்பது? ஆனால் நீ உட்கார்ந்திருந்த இடம் உன் பிள்ளைகளுடையது.

வராந்தாவுக்குத் திரும்பிப் போய், "சார், நாளைக்கி ஒம்போது மணிக்கி ஓடிபி போடுங்க. சொல்றேன்" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. ஏன் ஒன்பது என்றுகூட.

மறுநாள் ஃபேக்டரி கேட்டில் நின்றேன். எல்லோரும் லாக்கரைச் சாத்திவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வந்தது. சார் உடனே கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் சத்தம், வேப்பமரத்தடியில்தான் நின்றிருப்பார். நான் ஒவ்வொரு நம்பராகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தெலுங்கில் திருப்பிச் சொன்னார். நாலாவது நம்பரோடு நிறுத்திவிட்டேன். காத்திருந்தார். மீதி இரண்டையும் சொன்னேன்.

"அயிப்போயிந்தி தாமு காரு" என்றார். முடிந்துவிட்டது.

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்தது ஒரு கேள்வி வர வேண்டும் இல்லையா? துன்னியா என்று. வரவில்லை. வாட்ச்மேன், "இன்னா சார், டைம் ஆவுது" என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்?

அதற்கடுத்த நாள் ஆப்சென்ட் மெசேஜ் வரவில்லை. அது வந்துகொண்டிருந்தபோது வந்த கோபத்தைவிட வராதபோது வந்த கோபம் பெரிது. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில்கூட வராத அழுகை கம்ப்ரெஸர் ரூமில் வந்தது. அங்கே சத்தம் யாருக்கும் கேட்காது.

புது டீச்சர் வந்துவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. வரவில்லை. காலியிடம் என்று இப்போது தெரிகிறதாம், போஸ்டிங் போடுவார்களாம், எப்போது என்று யாருக்கும் தெரியாதாம். ஒரு பெயரை எடுக்க இத்தனை அவசரப்படுத்தினார்கள். ஒரு பெயரைப் போட அந்த அவசரம் இல்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் யார் மேசையையாவது தட்டியிருப்பாய். எனக்கு அது வராது. வருவதைச் செய்கிறேன்.

இந்த வாரம் ஆஃப் நாளில் மறுபடி போனேன். செல்வி நின்றிருந்தாள்.

"வருவாங்கன்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. வர்ற வரைக்கும் என் ஆஃப் நாள்ல நான் வரேன். சார் சரின்னுட்டாரு" என்றேன்.

"நீயா?" என்று மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு இன்னா தெரியும் பாடம் சொல்லித் தர?"

"ஒண்ணும் தெரியாது. உம் பொண்ணுதான் எனக்குச் சொல்லித் தரா."

சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திட்டுவாளே?"

"திட்டுறா."

"அப்ப சரி. சங்கராந்தி வரைக்கும் பாக்கறேன். அப்பறம் வேன்தான், சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் நேரம் கொடுத்திருக்கிறாள் சரிதா. வாரத்தில் ஒரு நாள் நான் போனால் எத்தனை பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியும்? தெரியவில்லை. தரையில் உட்கார எனக்கு இன்னும் முட்டி வலிக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் இன்னும் வரவில்லை. போர்டில் உன் எழுத்தைப் பூஜாதான் அழித்தாள். நான் தடுக்க எழுந்தேன். "எடம் வேணும் இல்ல சார்?" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் உனக்கு இரண்டு வாக்கு. உன் ரூமுக்கு ஒரு டீச்சர் வரும்வரை என் ஆஃப் நாள் அந்தப் பிள்ளைகளுடையது. வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஆப்பை நானே ஏற்றிக் கொடுப்பேன், அவருடைய சொந்த நம்பரில்.

இன்னொன்று. இனிமேல் யாரும் கேட்காவிட்டாலும், ஒன்பது மணிக்குள் துன்னுட்டுத்தான் கேட்டுக்குப் போவேன். பாதி நாள் பொய் சொன்னதற்கு அபராதமாக வைத்துக்கொள்.

உன் அத்தை மகன், ஆறு நம்பர் சொல்லிச் சொல்லியே உன்னோடு குடித்தனம் நடத்திய புருஷன்,
தாமு
புத்தூர்